மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு முதல் முறை விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் பிஎச்டி செய்ய நினைப்பவர்களும், பிஎச்டி முடித்துவிட்டு வேறொரு நாட்டில் போஸ்ட்டாக் தேடுபவர்களும் சீக்கிரமே கேள்விப்படும் பெயர் மேரி கியூரி ஃபெலோஷிப். அதிகாரப்பூர்வப் பெயர் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி செயல்திட்டங்கள், சுருக்கமாக எம்எஸ்சிஏ. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப்பணத்தில் நடப்பது. 1996-இல் மேரி கியூரியின் பெயரை வைத்தார்கள். வார்சாவில் பிறந்து, 1891-இல் படிப்பதற்காகப் பாரிஸ் போய், அங்கேயே இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், அதனால் நாடு விட்டு நாடு போய் ஆய்வு செய்பவர்களுக்கான திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 2021 முதல் 2027 வரையிலான ஹொரைசன் யூரோப் என்ற ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டத்தில் இதற்கென ஒதுக்கியது சுமார் 660 கோடி யூரோ.

விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. எந்தத் துறையில் இருந்தாலும், பெரும்பாலான பிரிவுகளில் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். தலைப்பையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம், 'இந்த வருடம் இந்தப் பொருளில் மட்டும்தான்' என்று மேலிருந்து யாரும் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பணத்தின் நோக்கம் ஆய்வாளரை வளர்ப்பது. உங்கள் ஆய்வு நன்றாக இருக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் மதிப்பீட்டாளர் கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொண்டேதான் படிக்கிறார்: இந்த ஆள் இந்த இடத்துக்குப் போய் இரண்டு வருடம் இருந்தால், இப்போது செய்ய முடியாத எதைச் செய்யக்கூடியவராக வெளியே வருவார்? முதல் முறை எழுதுபவர்கள் பலர் விண்ணப்பத்தின் பத்துப் பக்கத்தில் எட்டுப் பக்கத்தை அறிவியலுக்கே கொடுத்துவிட்டு, பயிற்சிக்கும் எதிர்காலத்துக்கும் நாலு பொதுவான வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

முதலில், உங்கள் கதவு எது என்று பாருங்கள்

இன்னும் பிஎச்டி பட்டம் வாங்காதவர் என்றால் உங்களுக்கானது டாக்டரல் நெட்வொர்க்ஸ். இதில் நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விண்ணப்பிப்பதே இல்லை. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக நிதி வாங்கிவிடுகின்றன, பிறகு ஆளுக்கு ஒன்றிரண்டு பிஎச்டி இடங்களை விளம்பரம் செய்கின்றன. நீங்கள் விண்ணப்பிப்பது அந்த இடத்துக்கு, வேலைக்கு விண்ணப்பிப்பது மாதிரியே: சிவி, ஊக்கக் கடிதம், பரிந்துரைகள், நேர்காணல். விளம்பரங்கள் யூராக்செஸ் என்ற ஐரோப்பிய ஆய்வாளர் வேலைவாய்ப்புத் தளத்தில் வரும். தளத்தில் எம்எஸ்சிஏ என்று வடிகட்டிப் பாருங்கள், ஒவ்வொரு வாரமும் பாருங்கள். சில இடங்களுக்கு நாலைந்து வாரம்தான் அவகாசம் தருவார்கள்.

நேர்காணல் வரை போய்விட்டால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். 2021 முதல் 2025 வரையிலான அழைப்புகளில் ஒருவருக்குப் பெரும்பாலும் 36 மாதம் வரைதான் எம்எஸ்சிஏ பணம். பல நாடுகளில் பிஎச்டி முடிக்க நாலு வருடம் ஆகும். 'நாலாவது வருடச் சம்பளம் எங்கிருந்து வரும்?' என்று நேராகவே கேட்கலாம், அது தவறில்லை. நல்ல குழு என்றால் பதில் தயாராக இருக்கும்.

பிஎச்டி முடித்தவர் என்றால் போஸ்ட்டாக்டரல் ஃபெலோஷிப்ஸ். இங்கே திட்டம் உங்களுடையது. நீங்களும் ஐரோப்பாவில் ஒரு வழிகாட்டிப் பேராசிரியரும் சேர்ந்து எழுத வேண்டும், விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது அவருடைய நிறுவனம். இதிலும் இரண்டு வகை. ஐரோப்பிய ஃபெலோஷிப்பில், 12 முதல் 24 மாதம் வரை ஒன்றிய நாட்டிலோ இணைப்பு நாட்டிலோ இருக்கலாம், எந்தக் குடியுரிமை உள்ளவரும் விண்ணப்பிக்கலாம். குளோபல் ஃபெலோஷிப்பில், முதலில் ஐரோப்பாவுக்கு வெளியே 12 முதல் 24 மாதம், பிறகு கட்டாயமாக 12 மாதம் ஐரோப்பாவுக்குத் திரும்பி வர வேண்டும், ஆனால் அது ஒன்றிய நாடுகளின், இணைப்பு நாடுகளின் குடிமக்களுக்கும் அங்கே நீண்டகாலமாக வசிப்பவர்களுக்கும் மட்டும்தான்.

இணைப்பு நாடு என்ற சொல்லில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்றியத்தில் உறுப்பினராக இல்லாமல், ஹொரைசன் யூரோப்பில் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த நாடு என்று பொருள். நார்வே, ஐஸ்லாந்து, துருக்கி, இஸ்ரேல் போன்றவை இணைப்பு நாடுகள். பிரிட்டன் 2024 ஜனவரியிலிருந்து சேர்ந்துகொண்டது. கனடா, நியூசிலாந்து, தென்கொரியா ஆகியவையும் ஹொரைசன் யூரோப்போடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, ஆனால் அது அந்தத் திட்டத்தின் இரண்டாம் தூண் என்ற பகுதிக்கு மட்டும். எம்எஸ்சிஏ முதல் தூணில் இருக்கிறது, ஆகவே ஐரோப்பிய ஃபெலோஷிப்பை அந்த நாடுகளில் செய்ய முடியாது.

கோஃபண்ட் என்று மூன்றாவது கதவு ஒன்று உண்டு. ஒரு பல்கலைக்கழகமோ ஒரு பிராந்திய அரசோ ஒரு பகுதிப் பணத்தைத் தானே போட்டு, மீதியை எம்எஸ்சிஏவில் வாங்கி, தன் சொந்த அழைப்பை நடத்தும். தேதிகளும் விதிகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு. போட்டி எப்படி இருக்கும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும், அதையும் யூராக்செஸிலேயே தேடிவையுங்கள். ஸ்டாஃப் எக்ஸ்சேஞ்சஸ் என்பது ஏற்கனவே வேலையில் இருப்பவர்களை அவர்களுடைய நிறுவனம் சில மாதம் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கானது, தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது.

இனி பெரும்பாலும் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், முழுச் சுமையும் விண்ணப்பிப்பவர் தலையில் விழுவது அதில்தான்.

தகுதியை நாட்காட்டி வைத்துக் கணக்கிடுங்கள்

மொபிலிட்டி விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில், நீங்கள் போக நினைக்கும் நாட்டில் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை, படிப்பு என்று இருந்திருக்கவோ கூடாது. ஒரு உதாரணம். 2025 அழைப்பின் கடைசித் தேதி செப்டம்பர் 10. அப்படியென்றால் கணக்கு 2022 செப்டம்பர் 10-இலிருந்து தொடங்குகிறது. ஒருவர் 2024 மே மாதம் ஜெர்மனிக்கு வந்து அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தால், கடைசித் தேதிக்குள் 16 மாதம் ஆகிவிட்டது. ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் நெதர்லாந்துக்கோ ஸ்பெயினுக்கோ தாராளமாக விண்ணப்பிக்கலாம், விதி நாட்டுக்கு நாடு தனித்தனியாகத்தான் பார்க்கிறது, குடியுரிமையைப் பார்ப்பதில்லை. விடுமுறைக்குப் போய்த் தங்கிய நாட்கள் கணக்கில் வராது. டாக்டரல் நெட்வொர்க்கிலும் இதே விதிதான், ஆனால் கணக்கு உங்களை வேலைக்குச் சேர்க்கும் தேதியிலிருந்து பின்னோக்கிப் போகும்.

அடுத்தது அனுபவ வரம்பு. 2021 முதல் 2025 வரை, பிஎச்டிக்குப் பிறகு முழுநேர ஆய்வு அனுபவம் எட்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. பிள்ளைப்பேறு, உடல்நலம், ஆய்வுக்கு வெளியே பார்த்த வேலை போன்றவற்றில் கழிந்த காலத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ள விட்டார்கள். இந்த மாதிரி விதிகள் ஒவ்வொரு ஒர்க் ப்ரோகிராமிலும், அதாவது அழைப்புகளின் விதிகளைச் சொல்லும் அதிகாரப்பூர்வ ஆவணத்திலும், திருத்தப்படுகின்றன. போன வருடம் விண்ணப்பித்த நண்பர் சொன்னார் என்று எதையும் நம்பிவிடாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்துக்கான ஒர்க் ப்ரோகிராமில் எம்எஸ்சிஏ பகுதியை இறக்கி, உங்கள் பிரிவை வரி வரியாகப் படியுங்கள், சில பக்கம்தான். ஒரு அழைப்பில் ஒருவர் ஒரே ஒரு விண்ணப்பம்தான் போட முடியும், இரண்டு பேராசிரியரோடு இரண்டு திட்டம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

சூப்பர்வைசரைத் தேடுவதுதான் பாதி வேலை

2022-இலிருந்து 2025 வரை கடைசித் தேதி செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமையாக இருந்தது, பிரஸ்ஸல்ஸ் நேரப்படி மாலை 5 மணி. ஆகஸ்ட் மாதம் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள், மின்னஞ்சலுக்குப் பதிலே வராது. ஆகவே ஜனவரி, பிப்ரவரியிலேயே எழுதத் தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்கள் வசந்த காலத்தில், 'எங்களோடு விண்ணப்பிக்க விரும்புகிறவர்கள் விருப்பம் தெரிவிக்கலாம்' என்று தனி அறிவிப்பு விடுகின்றன. அதில் தேர்வானால் இரண்டு மூன்று நாள் பயிற்சி வகுப்பும் நடத்துவார்கள், திட்டத்தைப் படித்துத் திருத்தவும் ஆள் கிடைக்கும். இந்த ஆதரவு இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் பெரிது, என்னைக் கேட்டால் பேராசிரியரின் புகழைவிட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும்? சின்னதாக. நீங்கள் யார், பிஎச்டி எதில், எப்போது என்று ஒரு வரி. அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த இடம் உங்கள் வேலையோடு தொடுகிறது என்று இரண்டு வரி, அது பொய்யில்லாமல் இருக்க வேண்டும், 'உங்கள் சிறப்பான ஆய்வுகளைப் படித்து வியந்தேன்' என்று எழுதினால் எல்லாருக்கும் அனுப்பியது என்று உடனே தெரிந்துவிடும். நீங்கள் செய்ய நினைக்கும் திட்டம் மூன்று நாலு வரி. மொபிலிட்டி விதிப்படி அந்த நாட்டுக்கு உங்களுக்குத் தகுதி உண்டு என்று ஒரு வரி. இதைப் பலர் எழுதுவதில்லை, ஆனால் பேராசிரியர் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பது இதைத்தான். கூடவே சிவி. பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அப்புறம் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

அவர் சரி என்று சொன்ன பிறகும் உங்களுக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது. இதற்கு முன் எம்எஸ்சிஏ ஆட்களை வைத்திருக்கிறாரா? வரைவை இரண்டு முறையாவது படித்துத் தருவாரா? உங்கள் பெயரில் வரும் ஆய்வு, பயிற்சிப் பங்கை எப்படிச் செலவு செய்வார்? 2021 அழைப்பில் இந்தப் பங்கு மாதம் 1,000 யூரோ என்று இருந்தது. அது உங்கள் ஆய்வுக்கும், மாநாட்டுப் பயணத்துக்கும், பயிற்சிக்கும் வரும் பணம். 'திட்டத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்பவரோடு போகாதீர்கள். அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

பத்துப் பக்கம்

திட்டத்தின் முக்கியப் பகுதிக்குப் பெயர் பார்ட் பி1, பத்துப் பக்கம்தான் அனுமதி. பதினோராவது பக்கம் எழுதினால் அது மதிப்பீட்டாளர் கண்ணிலேயே படாது. மதிப்பெண் மூன்று பங்காகப் பிரிகிறது: எக்ஸலன்ஸ் (தரம்) 50 சதவீதம், இம்பாக்ட் (விளைவு) 30, இம்ப்ளிமென்டேஷன் (செயல்படுத்தும் விதம்) 20. இதில் அறிவியல் என்று நீங்கள் நினைப்பது எக்ஸலன்ஸில் ஒரு பகுதி மட்டுமே. அதே எக்ஸலன்ஸுக்குள் வழிகாட்டல், பயிற்சி, இரு பக்க அறிவுப் பரிமாற்றம், உங்கள் தொழில் அனுபவம் எல்லாம் வந்துவிடுகின்றன. இம்பாக்ட்டின் முதல் கேள்வியே உங்கள் எதிர்கால வேலைவாய்ப்பு எப்படி உயரும் என்பதுதான்.

இந்தப் பயிற்சிப் பகுதியை எப்படி எழுதுவது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். சாதாரணமாக எழுதுவது இப்படி: 'இந்த ஃபெலோஷிப் என் திறன்களை மேம்படுத்தவும், சர்வதேச அனுபவம் பெறவும், சுதந்திரமான ஆய்வாளராக உயரவும் உதவும்.' இதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் இந்த வரியை யார் வேண்டுமானாலும், எந்தத் துறைக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் மதிப்பீட்டாளருக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இப்போது இதைப் பாருங்கள்: 'நிலத்தடி நீரில் ஆர்செனிக் அளவைக் களத்தில் அளப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. அந்த அளவுகளை வைத்து நீரோட்ட மாதிரி கட்டத் தெரியாது. முதல் ஆறு மாதம் குழுவின் மாடலிங் நிபுணரிடம் அதைக் கற்பேன். 13-ஆம் மாதத்திலிருந்து மூன்று மாதம் ஒரு குடிநீர் விநியோக நிறுவனத்துக்கு செகண்ட்மென்ட் (வேறொரு நிறுவனத்தில் தற்காலிகப் பணி) சென்று, மாதிரியை அவர்களுடைய கிணறுகளில் சோதிப்பேன். பதிலுக்கு, குழுவில் இதுவரை யாருக்கும் பழக்கமில்லாத களமாதிரி சேகரிப்பு முறையை இரண்டு பயிற்சிப் பட்டறைகளில் மாணவர்களுக்குக் கற்றுத்தருவேன்.'

தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறார், அதை யார், எப்போது கற்றுத்தருவார் என்று எழுதியிருக்கிறார், அவர் பதிலுக்குக் கொடுப்பது என்ன என்றும் எழுதியிருக்கிறார். இரு பக்கப் பரிமாற்றம் என்று கேட்பது இதைத்தான். கூச்சப்பட்டுக்கொண்டு 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற தொனியில் எழுதினால், பின்னே எதற்குப் பயிற்சிப் பணம் என்ற கேள்வி வந்துவிடும்.

செகண்ட்மென்ட் கட்டாயமில்லை. வைத்தால் மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். காரணம் இல்லாமல் அலங்காரத்துக்காக ஒன்றைச் சேர்க்காதீர்கள், மதிப்பீட்டாளர் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை பார்க்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், கடைசியில் ஆறு மாதம் வரை கூடுதலாக ஒரு கம்பெனியிலோ அமைப்பிலோ இருக்கவும் பணம் கேட்கலாம், ஆனால் அதை விண்ணப்பத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

இம்ப்ளிமென்டேஷன் பகுதியில் எந்த வேலை எந்த மாதத்தில் என்று காட்டும் கான்ட் சார்ட் போடுங்கள், நாலைந்து வேலைத்தொகுப்பு போதும். அபாயங்கள் அட்டவணையில் 'தாமதம் ஏற்படலாம்' என்று பொதுவாக எழுதாமல், உங்கள் ஆய்வில் உண்மையிலேயே எது சொதப்பக்கூடும், அப்படி ஆனால் மாற்று வழி என்ன என்று எழுதுங்கள். ஓப்பன் சயின்ஸ் (ஆய்வு முடிவுகளை எல்லாருக்கும் திறந்து வைப்பது), ஆய்வில் பாலினப் பரிமாணம் (ஆண், பெண் வேறுபாடு உங்கள் ஆய்வில் பொருட்படுகிறதா என்பது) ஆகிய இரண்டுக்கும் தனி இடம் உண்டு. 'பொருந்தாது' என்று எழுதினால் மட்டும் போதாது, ஏன் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்.

எம்எஸ்சிஏவுக்கான தேசியத் தொடர்பாளர்களின் கூட்டமைப்பான எம்எஸ்சிஏ-நெட் வெளியிடும் கையேடு ஒன்று ஒவ்வொரு அழைப்புக்கும் வருகிறது, வார்ப்புருவின் ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அதில் விளக்கம் இருக்கும். இலவசம். உங்கள் நாட்டுக்கோ போகும் நாட்டுக்கோ நேஷனல் கான்டாக்ட் பாயின்ட் என்று ஒருவர் இருப்பார், சந்தேகம் கேட்கத்தான் அவர்கள் இருக்கிறார்கள். உங்கள் துறை சாராத ஒருவரிடமும் வரைவைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று மதிப்பீட்டாளர் படிப்பார்கள், எல்லாரும் உங்கள் சின்ன வட்டத்து ஆட்களாக இருக்க மாட்டார்கள்.

கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். தளத்தில் ஒரு முறை சமர்ப்பித்த பிறகும் கடைசி நேரம் வரை மாற்றி மாற்றிச் சமர்ப்பிக்கலாம், ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே ஒரு பிரதியைப் போட்டுவிடுங்கள். அப்போதே படிவத்தில் ஈஆர்ஏ ஃபெலோஷிப் கட்டத்தையும் பாருங்கள். போர்ச்சுகல், போலந்து, செக் குடியரசு, கிரீஸ், ஹங்கேரி, எஸ்டோனியா போன்ற நாடுகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் அதில் சேர்ந்திருந்தால், எம்எஸ்சிஏவில் கிடைக்காமல் போனாலும் அதே திட்டத்துக்கு இன்னொரு பணப்பெட்டியிலிருந்து கிடைக்க வாய்ப்பு உண்டு. கூடுதலாக ஒரு வரி கூட எழுத வேண்டியதில்லை.

முடிவு வந்த பிறகு

பிப்ரவரி வாக்கில் முடிவு வரும். போட்டி கடுமையானது. 2024 அழைப்புக்கு 10,360 விண்ணப்பங்கள், தேர்வானது 1,696. 2025-இல் விண்ணப்பங்கள் 17,058 ஆக ஏறிவிட்டன. தகுதிக்கு 70 மதிப்பெண் போதும் என்று விதி சொன்னாலும், பணம் கிடைக்கப் பெரும்பாலான துறைகளில் 90-க்கு மேல் வேண்டியிருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் மதிப்பீட்டு அறிக்கையை இரண்டு நாள் கழித்து அமைதியாகப் படியுங்கள். பலம், பலவீனம் என்று பிரித்தே எழுதியிருப்பார்கள், அடுத்த வரைவுக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. 85-ஓ அதற்கு மேலோ வாங்கியும் பணம் கிடைக்காதவர்களுக்கு சீல் ஆஃப் எக்ஸலன்ஸ் சான்றிதழ் வரும். சில நாடுகளும் பல்கலைக்கழகங்களும் அதை வைத்தே சொந்தப் பணம் கொடுக்கின்றன, உங்கள் நிறுவனத்தில் உடனே விசாரியுங்கள். குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அதே நிறுவனத்தோடு அடுத்த வருடம் விண்ணப்பிக்கத் தடை உண்டு, அதனால் அரைகுறையாக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று இறங்காதீர்கள்.

கிடைத்துவிட்டதா? சம்பளக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 2021 அழைப்பில் போஸ்ட்டாக்குக்கு மாதம் 5,080 யூரோ, டாக்டரல் ஆய்வாளருக்கு 3,400 யூரோ, கூடவே மொபிலிட்டி தொகை 600 யூரோ என்று இருந்தது, பிறகு வந்த அழைப்புகளில் தொகை உயர்ந்திருக்கிறது. வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப நாட்டுக்கு நாடு ஒரு குணகத்தால் பெருக்குவார்கள். ஆனால் இது நிறுவனம் உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை. முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்கு, உங்கள் பங்கு, வருமான வரி எல்லாம் போன பிறகுதான் கையில் வரும், நாட்டைப் பொறுத்து நிறையவே குறையும். வீடு பார்ப்பதற்கு முன்னால், கையில் எவ்வளவு வரும் என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடும்பம் இருந்தால் குடும்பத் தொகை தனி.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு, 2016/801 என்ற எண்ணுள்ள உத்தரவின்படி ஆய்வாளர்களுக்கென்றே தனி விசா வழி உண்டு. நிறுவனம் உங்களை ஆய்வாளராக ஏற்றுக்கொள்வதாக ஹோஸ்டிங் அக்ரிமென்ட் என்ற ஒப்பந்தம் போடும், அதை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தையும் அழைத்துவரலாம், ஆய்வு முடிந்த பிறகு வேலை தேடவோ தொழில் தொடங்கவோ குறைந்தது ஒன்பது மாதம் தங்கவும் அனுமதி உண்டு. அயர்லாந்தும் டென்மார்க்கும் இந்த உத்தரவில் இல்லை, அவை தங்கள் சொந்த விதிப்படி நடக்கின்றன. பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பும் அங்கீகார முத்திரையும் கேட்பார்கள், இதுதான் அதிக நாள் இழுக்கும் வேலை, முடிவு வந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்தவுடன் செய்ய வேண்டியது கெரியர் டெவலப்மென்ட் பிளான். எம்எஸ்சிஏ கட்டாயமாகக் கேட்கும் ஆவணம் என்பதால், பலர் சூப்பர்வைசரிடம் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு வருடத்தில் எந்தப் பயிற்சிக்கு எப்போது போவீர்கள், எந்த மானியத்துக்கு எந்த மாதத்தில் விண்ணப்பிப்பீர்கள், எந்தக் கட்டுரையில் முதல் பெயர் உங்களுடையது, கிளம்பும்போது எந்தத் தரவை, எந்தத் தலைப்பை உங்களோடு எடுத்துப் போகலாம் என்பதையெல்லாம் அவரோடு உட்கார்ந்து பேசி அதில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே தாளை எடுத்து மறுபடி பேசுங்கள், முதல் சந்திப்பின் தேதியைச் சேர்ந்த வாரத்திலேயே அவருடைய நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.